எந்த வூட்டு ஆளு, ஓடியா!

சென்னைக்கும் வசந்த காலம் உண்டு. நிறையப் பேர் நம்புவதில்லை. மாசி முடியும்போது மின்விசிறியை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்புவோமே, அந்த ஒரு வாரம்தான் அது. அதற்கப்புறம் நேராக ஐந்து.

ஆனால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு அந்த ஒரு வாரத்தை இழுத்துப் பிடித்து இரண்டு மாதம் ஆக்கத் தெரியும். பங்குனிப் பெருவிழா, அறுபத்து மூவர், கோலப் போட்டி, ராமநவமிக்குப் பானகம், தெருத் தெருவாக நீர்மோர்ப் பந்தல், காலையில் தொப்பி போட்டுக்கொண்டு பழைய வீடுகளைப் பார்க்கக் கிளம்பும் நடைக்குழு. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் இவற்றையெல்லாம் தொகுத்து 'இந்த வாரம் எங்கே போகலாம்' என்று போடுகிற வேலை என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். எந்தப் பந்தலில் மோரில் பெருங்காயம் தூக்கல், எந்தச் சபையில் கச்சேரியைவிடக் கேண்டீன் தேவலை என்பதுவரை எழுதுவேன். ஒரு தகவலை மட்டும் இப்போது எழுதுவதில்லை. முன்பெல்லாம் கடைசி வரியாக அது இருக்கும்: 'கூட்டத்தில் யாராவது தொலைந்தால் எங்கள் தெருமுனைப் பந்தலில் இஸ்திரி அக்காவிடம் சொல்லவும்.'

இப்போது அக்கா இல்லை. ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது அவர் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே, ஏழாவது மாடியில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இஸ்திரி வண்டியை ஏழாவது மாடிக்கு எப்படி ஏற்றுவது என்று அவர் கேட்டதற்கு அதிகாரிகள் சாவியைக் கையில் கொடுத்தார்கள். வண்டி நின்ற வேப்ப மரத்தடியில் இப்போது யாரோ ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைப்பேன். நினைத்ததும் முதுகில் குளிர்ந்த கையை வைத்தாற்போல இருக்கும். எழுந்து போய் ஒரு காபி குடிப்பேன். இன்று காபித்தூள் தீர்ந்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

அவர் கைக்கு மைக் போனதே ஒரு விபத்து. எங்கள் பந்தலை நடத்துபவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். அறுபத்து மூவர் அன்று கூட்டத்தில் தவறிய குழந்தைகளை எங்கள் பந்தலில் கொண்டுவந்து விடுவார்கள். மாமா மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, "சுமார் ஐந்து வயது மதிக்கத்தக்க, மாநிறமுடைய சிறுமி ஒருத்தி நம்மிடையே பத்திரமாக இருக்கிறாள்" என்று செய்தி வாசிப்பார். மாநிறமுடைய சிறுமிகள் அன்றைக்கு மாடவீதியில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஒருவரும் வரமாட்டார்கள். குழந்தை அழும். மாமா மறுபடியும் கனைப்பார்.

பந்தலை ஒட்டி வண்டியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு வருடம் அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

"இன்னா மாமா நீ, கொழந்தைக்கு ஜாதகமா படிக்கிற? இங்க குடு" என்று மைக்கைப் பிடுங்கினார். "ரோஸ் கவுனு! இடுப்புப் பட்டி ஒரு பக்கம் அவுந்து தொங்குது. குண்டூசி குத்திக் கீது. கவுனு கைல பால் கறை. எந்த வூட்டு ஆளு, ஓடியா!"

ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். மாமா மோர்ப் பானைப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து பங்குனி வந்தால் மைக் அக்காவிடம்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். நேரில் அப்படி இருக்காது. கோயிலைச் சுற்றி நான்கு வீதியிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒரே குரல் நான்கு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வந்து சேரும். முன்னால் கேட்ட சொல் திரும்பவும் உங்கள் பிடரிக்குப் பின்னால் கேட்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். ஆளைச் சொல்லமாட்டார்; வயது, நிறம், உயரம் எதுவும் கிடையாது. துணியை மட்டும் சொல்வார். "பச்சை பனியனு, கழுத்து தொளதொளன்னு கீது" என்று அவர் ஆரம்பித்தால் மாடவீதியில் பாதிப் பேர் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொள்வார்கள். நானும் பார்ப்பேன். ஐம்பது வயதில், சொந்தத் தெருவில், கையில் மோர் டம்ளரோடு நிற்கிறவன் தான் தொலைந்து போகவில்லை என்று உறுதி செய்துகொள்வது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

மற்ற நாட்களில் வண்டியருகே போனால், அவர் யாருடனோ பேசிக்கொண்டிருப்பது கேட்கும். "தள்ளிக் குந்து வாத்தியாரே, எடம் இல்ல பாரு." எட்டிப் பார்த்தால் ஆள் இருக்காது. மடித்து அடுக்கிய சட்டைகள் இருக்கும். பள்ளி ஆசிரியரின் சட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, டாக்டர் வீட்டுப் புடவையிடம், "இன்னாம்மா, ரொம்ப நாளா ஆளயே காணோம்?" என்பார். அந்த டாக்டரம்மாவே ஐந்து நிமிடம் முன்னால் நேரில் வந்து மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவரிடம் அக்கா ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்.

"அக்கா, அவங்க இப்பதானே வந்துட்டுப் போனாங்க?"

"யாரு? நைட்டி போட்டுக்கினு ஒரு பொம்பள வந்துச்சு. அது யாருன்னு எனக்கின்னா தெரியும்? மூஞ்சி எனக்கு நிக்காது நைனா. பாத்துக்கினே இருந்தாலும் தண்ணியில போட்ட மாதிரி கலைஞ்சிரும். துணி நிக்கும்."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதுபோலச் சொன்னார்.

ஒரு நாள் கடற்கரையில் அரைக்கால் சட்டையும் டீ ஷர்ட்டுமாக நடந்துகொண்டிருந்தேன். எதிரே அக்கா. மீன் வாங்கிக்கொண்டு நொச்சிக்குப்பம் பக்கமிருந்து வந்தார். "என்னக்கா, வஞ்சிரமா?" என்றேன். நின்றார். என்னை ஊடுருவிப் பின்னாலிருந்த கடலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "யாரு நைனா நீ? வழிய வுடு" என்று போய்விட்டார். அந்த டீ ஷர்ட் இஸ்திரி காணாதது. அதனால் நானும் இல்லாதவன். அன்று வீடு திரும்பும்வரை கடைக் கண்ணாடிகளில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருந்தேன்.

இன்னொரு சம்பவத்தைச் சொன்னால்தான் என் பயம் உங்களுக்குப் புரியும். எங்கள் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். தினமும் போனில் "ஃபைன், ஃபைன்" என்று அவர் சொல்வது மாடிப்படிவரை கேட்கும். வாரா வாரம் அவர் வேட்டி சட்டைகளை வேலைக்காரப் பெண் கொண்டுவந்து அக்காவிடம் போடுவாள். ஒரு முறை நான் நின்றிருந்தபோது அக்கா அந்த வேட்டியை விரித்தார், தடவினார், தேய்க்காமல் வைத்துவிட்டார்.

"இந்த வேட்டியில மனுசன் குந்தவே இல்ல" என்றார்.

"என்னது?"

"குந்தினா பின்னால மடிப்பு வுழும். நின்னா கணுக்கால்ல அழுக்கு வரும். தொவைச்சாலும் தடம் போவாது. ரெண்டும் இல்ல. சட்டையில முழங்கை மடங்கவே இல்ல. அவுரு படுத்துக்கினே கீறாரு நைனா. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தோம். படுத்துக்கொண்டுதான் இருந்தார். பல நாட்களாக எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொஞ்ச நாளில் போய்விட்டார். சாவுக்கு வந்த அக்கா ஐஸ் பெட்டியருகே நின்று பார்த்தார். அவருக்குப் புதுக் கோடி உடுத்தியிருந்தார்கள். "இது யாரு?" என்று என் காதருகே கேட்டார்.

அதற்கப்புறம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. டாக்டரிடம் போனால் ஈசிஜி, ரத்தம், அது இது என்று படுத்துவார்கள். அக்காவிடம் ஒரு சட்டையைக் கொடுத்தால் போதும் என்று தோன்றியது. நேற்றுத் தேய்த்த சட்டையைக் கசக்கி இன்று மறுபடி கொண்டுபோவேன். இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருப்பார். ஒன்றும் தெரியாதவன்போல நின்றுகொண்டு, "சட்டை எப்படிக்கா இருக்கு?" என்பேன்.

"துணி நல்லாத்தான் கீது."

"இல்ல, வேற ஏதாச்சும் சொல்லுதா?"

"சொல்லுது. வயிறு பெருசாய்க்கினே போவுதாம். நாலாவது பட்டன் உசுர வுடப் போவுது."

"அது தெரியும். நெஞ்சுப் பக்கம்?"

அவர் சிரிக்கமாட்டார். பையோரமாக உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் உயில் எழுதி, மனைவிக்கு வங்கிக் கணக்கு விவரமெல்லாம் சொல்லி முடித்திருப்பேன். "பயந்துக்கினு கீற. அக்குள்ல துணி வெறைச்சுப் போச்சு. வேற ஒண்ணுமில்ல, போ" என்பார். அந்த 'போ' கிடைத்துவிட்டால் அன்றைக்கு இரண்டு வடை சாப்பிடுவேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு பங்குனியில் என் அப்பாவைத் தேடித் தரச் சொல்லி நின்றேன்.

அப்பாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. கிழமை மறந்துபோனது, சாப்பிட்டது மறந்துபோனது, சாப்பிடாததும் மறந்துபோனது. ஆனால் என்னை மறக்கவில்லை. ராத்திரி எழுந்து இது யார் வீடு என்று கேட்பார். நான் போய் நின்றால், "நீ இருக்கியா, சரி" என்று படுத்துக்கொள்வார். அறுபத்து மூவரையும் மறக்கவில்லை. காலையிலிருந்தே, "நாயன்மார் புறப்பட்டாச்சா?" என்று கேட்டபடி இருந்தார். மத்தியானம் நான்தான் உடை மாற்றிவிட்டேன். அக்கா காலையில் கொண்டுவந்து போட்ட மூட்டையிலிருந்து மேலே இருந்ததை எடுத்து, பட்டன் போட்டு, கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவி வாசலில் நின்று, "கையை விட்டுடாதீங்க" என்றாள்.

"இது என்ன, பலூனா?" என்றேன்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். சப்பரம் சப்பரமாக நாயன்மார்கள், மாலைக்குள் முகம் தெரியாமல், அசைந்து அசைந்து வந்தார்கள். ஒரு பக்கம் சுண்டல், இன்னொரு பக்கம் ரோஸ் மில்க். யாரோ என் கையில் விசிறி ஒன்றைத் திணித்தார்கள். அதை வாங்கிய கை, அப்பாவைப் பிடித்திருந்த கை. திரும்பினேன். அப்பா நின்ற இடத்தில் வேறொருவர் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்து நான் செய்தவற்றைப் பெருமையோடு சொல்ல முடியாது. முதலில் சுண்டல் தின்றவரிடம், "அப்பா?" என்றேன். பிறகு கீழே குனிந்து கால்களுக்கிடையில் தேடினேன், அவர் ஏதோ கையிலிருந்து நழுவிய சில்லறை என்பதுபோல. பிறகு அவரை அழைக்க என் பையிலிருந்து போனை எடுத்தேன். அவரிடம் போன் கிடையாது. பிறகு ஓடினேன். பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு செருப்புத்தான் காலில் இருந்தது.

"அக்கா, அப்பாவைக் காணோம்!"

"இன்னா சட்ட?" என்றார்.

பட்டன் போட்டுவிட்டவன் நான். ஒவ்வொரு பட்டனாக, மேலிருந்து கீழே. நிறம் ஞாபகமில்லை.

"வுடு, எனக்குத் தெரியும். காலைல மூட்டையில மேல வெச்சது நாந்தான்" என்று அவர் கண்ணை மூடினார். மைக் கொஞ்சம் ஊளையிட்டு அடங்கியது. "ஊதாக் கோடு போட்ட அரக்கை சட்ட. காலரு நைஞ்சி, திருப்பித் தைச்சது. எடது தோளு எறக்கம். ஊதாக் கோடு போட்ட பெரியவரு! பாத்தவங்க புடிச்சி இட்டுனு வாங்க!"

ஆமாம், ஊதாக் கோடு. அப்பாவின் சட்டைதான். நான்கு வீதியும் அதையே சொன்னது. மயிலாப்பூர் முழுக்க ஊதாக் கோட்டைத் தேடியது. எனக்கு உயிர் வந்தது. இனி கிடைத்துவிடுவார். அக்கா சொல்லிக் கிடைக்காதவர் இல்லை.

கிடைத்தார். ஒரு காவலர் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். ஊதாக் கோடு, திருப்பித் தைத்த காலர், எல்லாம் சரி. உள்ளே இருந்தவர்தான் என் அப்பா இல்லை.

"தோ பாரு, ஒங்கப்பா" என்றார் அக்கா.

"இது எங்க அப்பா இல்லக்கா."

"இன்னா சொல்ற? தோ காலரு" என்று பெரியவரின் கழுத்தோரம் விரலை வைத்துக் காட்டினார்.

"சட்டை அவரோடதுதான். ஆள் வேற."

அக்காவுக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. "சட்ட ஒங்கப்பாது. அப்ப ஆளு மட்டும் எப்டி நைனா வேற ஆவான்?"

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பழகிய சிரிப்பு. என் கையைப் பிடித்தார். "வாடா, போலாம். எவ்வளவு நேரம் நிக்கறது?" என்றார்.

மோர் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பெத்த அப்பனையே இல்லங்கறான் பாரு."

"கூட்டத்துல வுட்டுட்டுப் போறதுக்குன்னே இட்டுனு வரானுங்க இப்பல்லாம்" என்றார் ஒரு ஆட்டோக்காரர். "மூக்கப் பாரு, அப்டியே உரிச்சு வெச்சிருக்குது."

என் கை தானாக என் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"போட்டோ இருக்கா சார்?" என்றார் காவலர். போனைத் திறந்தேன். பிரியாணி இருந்தது. பிரியாணிக்கு முன்னால் இன்னொரு பிரியாணி. பொங்கலன்று எடுத்த ஒன்று கிடைத்தது: என் முகம் பெரிதாக, எனக்குப் பின்னால் அப்பா. அவர் முகத்தின் மேல் என் கட்டைவிரல். சட்டை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஊதாக் கோடு.

"கரெக்டாத்தானே சார் இருக்கு?" என்றார் காவலர், கொஞ்சம் கடுமையாக.

"மாமா, நீங்க சொல்லுங்க. எங்கப்பாவை உங்களுக்கு முப்பது வருஷமாத் தெரியும்!"

மாமா கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "கண்ணுல ஆபரேஷன் பண்ணிண்டு இன்னும் கண்ணாடி வரலேடா. கண்ணாடி இருந்தாத்தான் சொல்ல முடியும். ஆனா, இதச் சொல்லணுமேன்னு இருக்கு... உங்கப்பா மாதிரிதான் இருக்கார்."

அப்போதுதான் அது நடந்தது. அப்பாவின் முகத்தை மனதில் கொண்டுவந்து இவர் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். வரவில்லை. நெற்றி எப்படி இருக்கும்? புருவம்? நரைத்திருக்கும், எல்லாருக்கும்தான் நரைத்திருக்கும். தினமும் பார்க்கிற முகம். தண்ணீரில் போட்டதுபோலக் கலைந்து கலைந்து, கடைசியில் கூடி நின்றபோது, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் முகமாக இருந்தது. அவர் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. இவர்தான் போலிருக்கிறது, கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தேன். இதில் சிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா எழுந்து வந்து பெரியவரின் தோள்மேல் கையை வைத்தார். தையலோரமாகத் தடவினார். கை நின்றது.

"எறங்கல" என்றார்.

"என்னக்கா?"

"எடது தோளு எறங்கல. சட்ட இவுரு மேல நிக்கல. மாட்டிக்கினு கீது." கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "காலைல ரெண்டு மூட்ட ஒண்ணா கட்னேன். மாத்திட்டேன் நைனா. நா மாத்திட்டேன்."

முகம் தெரியாதவருக்குத் துணியும் கைவிட்டுப் போன அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ஒங்கப்பா மேல நா சொல்லாத சட்ட கீது. ஊரே ஊதாக் கோட்டத் தேடிக்கினு கீது. அவுரு பக்கத்துலயே நின்னாலும் எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். நாந்தான் அவர மறைச்சு வெச்சிட்டேன்."

பெரியவரின் வேட்டிக் கரையைக் குனிந்து பிடித்துப் பார்த்தார். குளத்துக்குப் பின்னால் ஒரு வீடு, அந்த வீட்டு வேட்டி என்றார். அந்த வீட்டு மூட்டையில் பச்சைச் சட்டை ஒன்று இருந்ததாம். நான் பட்டன் போட்டது பச்சைக்கா? போட்டிருக்கலாம். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினார்.

"ஊதாக் கோட்ட வுட்ருங்க. அது இல்ல. வெளிர் பச்ச. பையில பேனா மைக் கறை. அந்தச் சட்டைக்குள்ள வேற வூட்டுப் பெரியவரு கீறாரு. யாரோட போய்க்கினு இருந்தாலும் நிறுத்துங்க. மூஞ்சியப் பாருங்க. சட்டைய நம்பாதீங்க, மூஞ்சியப் பாருங்க!"

காத்திருந்தோம். சப்பரங்கள் போய்க்கொண்டே இருந்தன. அந்நியப் பெரியவர் என் கையை விடவில்லை. மோர் கொடுத்தபோது எனக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நான் குடித்தேன். காவலர் என்னிடம், "சாரி சார்" என்றார். ஆட்டோக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். அவள் பிடித்திருந்த கையின் மறுமுனையில் என் அப்பா. பச்சைச் சட்டை, பையில் மை.

"இன்னிக்கு எதைப் போட்டுட்டு வந்தார்னு கவனிக்கல, பின்னாலேருந்து அந்தப் பச்சைச் சட்டையப் பாத்துட்டு எங்கப்பான்னு கையைப் புடிச்சுட்டேங்க" என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "குளத்தைச் சுத்திப் பாதி தூரம் கூட்டிட்டுப் போயிட்டேன். திரும்பியே பாக்கல. வீட்டுக் கதையெல்லாம் பேசிட்டே போறேன். இவரும் ம்ம், ம்ம்ங்கறார். மைக்குல மூஞ்சியப் பாருங்கன்னு கேட்டதும்தான் பாத்தேன்." தன் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் என் கையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். அதே பிடி. "வாம்மா, போலாம். எவ்வளவு நேரம் நிக்கறது?" என்றார்.

நான் அப்பாவிடம் போனேன். நெற்றி, புருவம், எல்லாம் இருந்தன. இதை எப்படி மறந்தேன்!

"அப்பா!"

அவர் மரியாதையாக என்னைப் பார்த்தார். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்ப்பதுபோல.

"நான்தாம்ப்பா. வீட்டுக்குப் போலாம்."

"உங்களைப் பாத்தா நல்லவராத்தான் தெரியுது" என்றார். "ஆனா நான் வரலீங்க. முன்னப் பின்ன தெரியாதவங்களோட ஏற்கெனவே ஒரு தரம் போயிட்டேன். என் பையன் வருவான். வர்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். என் தலைக்கு மேலாகக் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

மாமா செருமினார். மோர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முன்னால் ஒற்றைச் செருப்போடு நின்றேன். இன்னொரு தடவை, "நான்தாம்ப்பா" என்றேன். அவர் தலையை அசைத்தார், அப்படியா என்பதுபோல.

அக்கா என் சட்டையின் கைப்பட்டியைப் பிடித்தார். தேய்த்த துணியை வீட்டு வாசலில் ஒப்படைப்பாரே, அப்படி என்னை அப்பாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பெரிய சார், இத்தப் பாரு. தொட்டுப் பாரு. இந்தச் சட்ட ஒங்க வூட்டுது. காலைல நாந்தான் தேய்ச்சேன். உள்ள கீறது ஒம் புள்ள. தைரியமா போ."

அப்பா துணியைத் தொட்டார். கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார்.

அக்கா என் பக்கம் சாய்ந்து, மைக்கில் படாமல், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இது ஒங்க வூட்டுதுதான நைனா? இதுவும் மாறிப் போவலயே?"

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை. எல்லா வெள்ளைச் சட்டைகளையும் போல ஒரு வெள்ளைச் சட்டை. "ஆமாக்கா" என்றேன்.

அப்பா எழுந்தார். கையை நீட்டினேன், அதைப் பிடிக்கவில்லை. சட்டையின் கையைத்தான் பிடித்தார், முழங்கைக்கு மேலே, கொத்தாக. அப்படியே நடந்தோம். வழியில் நாயன்மார்களைப் பார்த்துக் கும்பிடும்போதுகூட ஒரு கையால்தான் கும்பிட்டார். பாதி வழியில் என்னிடம், "என் பையனோடது இது" என்றார். "தெரியும்ப்பா" என்றேன்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயோ, வேர்வையில இப்படியா நனைஞ்சிருக்கீங்க? முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டிப் போடுங்க."

அப்பாவின் விரல்கள் இன்னும் துணியில் இருந்தன. நான் கழற்றாமல் நின்றேன்.